அசுரன் தயாரிப்பது எப்படி: முள்ளிப்பட்டுக் கையேடு

தேவையான பொருட்கள்: கிராப் தாள் ஒன்று, சீவிய பென்சில் ஒன்று, இருபது முகப் பகடை ஒன்று, ராத்திரி தூக்கம் வராத நண்பர்கள் நாலு பேர், நல்ல வரம் ஒன்று. வரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதற்கு இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் வீரர்களாக, மந்திரவாதிகளாக, கொஞ்சம் திருடர்களாக நுழைவார்கள். அடி விழுந்ததா தவறியதா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் தாத்தா. கதை சொல்பவரை அங்கே டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்து பார்த்தவர்கள் அவரைக் கட்டியக்காரன் என்று சட்டென அடையாளம் கண்டுகொள்வார்கள். வருகிறவனை 'யாரப்பா நீ' என்று கேட்பதும், ஊருக்கு அறிமுகம் செய்வதும், இடையில் கேலி பேசுவதும் இருவருக்கும் ஒரே வேலைதான்.

1977-ல் கைகாக்ஸ் எழுதிய 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற புத்தகத்தில் நம் ராட்சசனும் இருக்கிறான். புலித்தலை, மேலே கோட்டு, கையில் புகைக்குழாய். இதைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் நமக்கு ரோஷம் இல்லை என்றாகிவிடும். ஆகவே இந்தக் கையேடு.

முள்ளிப்பட்டு ஏன் என்று கேட்கலாம். கட்டம் போட்ட தாளில் விநோத மிருகங்களை வரைவது அது இருக்கிற ஆரணி வட்டாரத்தில் பிழைப்பு. பட்டுச் சேலையின் கரையில் யாளியும் இருதலைப்பட்சியும் அன்னமும் வரிசையில் நிற்கின்றன. அசுரன் தயாரிக்க இதைவிடத் தோதான ஊர் அகப்படாது.

படி 1: உடம்பை ஒட்டுப்போடுங்கள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். யாளியைப் பாருங்கள். சிங்கத்தின் உடம்பு, யானையின் தும்பிக்கை, பிதுங்கிய கண். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனால், தூணில் பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. அமெரிக்கர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆந்தைத்தலைக் கரடியும், இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் பிராணியும் ஹாங்காங்கிலிருந்து வந்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துச் செய்தவை. உங்கள் வீட்டுக் கொலுப்பெட்டியில் கை உடைந்து, வால் போன பொம்மைகள் இருக்கும். எடுத்து வையுங்கள்.

மூன்று மிருகத்துக்கு மேல் ஒட்டாதீர்கள். நாலாவதைச் சேர்த்தால் நண்பர்கள் பயப்பட மாட்டார்கள்; படம் சரியாக விழவில்லை என்று நினைப்பார்கள்.

படி 2: கட்டத்துக்குள் அடக்குங்கள்

தறிக்கு வரைகிற தாளில் நெடுக ஒரு வரிசை ஒரு கொக்கிக்கு, குறுக்கே ஒரு வரி ஓர் அட்டைக்கு. ஊடை ஒரு தடவை குறுக்கே போக ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை குத்திய இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், குத்தாத இடத்தில் சும்மா இருக்கும். மேலே இருக்கிற ஜக்கார்டுப் பெட்டிக்கு யாளி எது, மாங்காய் எது என்று தெரியாது. ஓட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

இங்கே கற்றுக்கொள்ள இரண்டு. ஒன்று, சிக்கனம். இருதலைப்பட்சிக்கு ஒரு தலையை வரைந்தால் போதும். கயிறுகளைக் கண்ணாடி பார்த்த மாதிரி திருப்பிக் கட்டினால் இன்னொரு தலை தானாக விழுந்துவிடும். ஒரு தலைக் கூலியில் இரண்டு தலை. உங்கள் அசுரனுக்கும் பாதிக் குணத்தை யோசியுங்கள். மறுபாதி அதற்கு நேர் எதிராக இருக்கட்டும். ஒரு தலை பொய்யே பேசாது, இன்னொன்று பொய்யைத் தவிர எதுவும் பேசாது என்று வைத்தால் நண்பர்கள் விடியும்வரை அதனோடு வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, கட்டு. யாளியின் நாக்கை ஆசைப்பட்டுக் குறுக்கே நீளமாக வரைந்தால், ஜரிகை அவ்வளவு தூரமும் பிடிமானம் இல்லாமல் துணிமேல் மிதக்கும். கட்டிக்கொள்கிறவரின் மெட்டியில் மாட்டினால் நாக்கு கையோடு வந்துவிடும். அதனால் இடையிடையே ஓர் இழை மேலேறி ஜரிகையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அசுரனின் பெரிய பலத்துக்கும் இப்படி ஒரு பிடி தேவை. நெருப்புக் கக்குகிறானா, கக்கட்டும். மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் கக்கலாம் என்று எழுதிவையுங்கள்.

படி 3: பசியைத் தீர்மானியுங்கள்

காட்டில் சும்மா உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை அடிக்கிற அசுரனுக்கு வேலையில்லாப் பட்டதாரி என்று பெயர். பகாசுரனைப் பாருங்கள். ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, வண்டி ஓட்டி வரும் ஆள், எல்லாம் வேளை தவறாமல் வர வேண்டும். ஏகசக்கர ஊரே முறைபோட்டு அனுப்பியது. திட்டவட்டமான தவணை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பீமன் அந்த வண்டியில் ஏறி, அசுரனின் சோற்றைத் தானே மொக்கிக்கொண்டு போவான். சண்டை அதற்கப்புறம்தான். அசுரனுக்கு என்ன பசி என்று தெரிந்தால் ஊர் எப்படி நடக்கிறது என்பது தெரியும், வீரன் எங்கே கை வைப்பான் என்பதும் தெரியும். பசியை எழுதாமல் பல்லை எண்ணி எழுதுவது வெட்டிவேலை.

படி 4: வரம் கொடுங்கள், ஓட்டை வையுங்கள்

கையேட்டின் உயிர் இங்கேதான். வெளிநாட்டுப் புத்தகங்கள் அசுரனுக்கு உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இத்தனை என்று கணக்குப் போடும். போடட்டும். நம் முன்னோர் வரம் எழுதினார்கள். இரணியன் வாங்கிய வரம் வக்கீல் எழுதிய பத்திரம் மாதிரி: பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது, மனிதனால் கூடாது, மிருகத்தால் கூடாது. அந்தி, வாசற்படி, நரசிம்மம் என்று மூன்று ஓட்டைகள் விட்டுப்போயின. ராவணன் தேவரையும் அசுரரையும் சொல்லி, மனிதனைக் கேவலமாக நினைத்து விட்டான். மகிஷனுக்குப் பெண் ஞாபகத்துக்கு வரவில்லை. பஸ்மாசுரனுக்கோ ஓட்டை அவன் கையிலேயே இருந்தது. ஆடிக்கொண்டே தன் தலையில் வைத்துக்கொண்டான்.

கவனியுங்கள்: ஓட்டை ஒவ்வொன்றும் அசுரனின் புத்தியிலிருந்தே வருகிறது. ராவணனுக்கு அலட்சியம், இரணியனுக்கு அதிகக் கெட்டிக்காரத்தனம். 'இடது முழங்காலில் பச்சைக் கல்லால் அடித்தால் சாவான்' என்று எழுதினால் அது ஓட்டை ஆகாது, பூட்டுக்குச் சாவி. அட்டையில் ஓட்டை இல்லாவிட்டால் கரையில் யாளி விழாது. வரத்தில் ஓட்டை இல்லாவிட்டால் கதையில் அசுரன் விழமாட்டான், உங்கள் நண்பர்கள்தான் பாய் விரித்து விழுவார்கள்.

படி 5: திரை பிடியுங்கள்

கூத்தில் பெரிய வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். மேலே கிரீடம், கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் இருப்பது குரலாக மட்டும் வரும். திரை விலகுவதற்குள் குழந்தைகள் அம்மா மடிக்குள் போயிருக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கதவைத் திறந்ததும் 'பத்தடி உயரம், ஆறு கை, உயிர்ப்புள்ளி நூறு' என்று ரேஷன் கார்டு வாசிக்கிறீர்கள்.

கண்ணுக்குத் தெரியாமலே பயமுறுத்துவதும் உண்டு. விடிகாலையில் தெருநீளம் பாவு இழுத்துக் கட்டியிருக்கும்போது வானம் இருட்டினால், தெரு முழுக்க ஓடும். தூறலுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. நனைந்தால் என்ன போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். உங்கள் அசுரன் எதைக் கெடுப்பான் என்பதை அவன் முகத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

படி 6: துரும்பைக் கிழியுங்கள்

ஜராசந்தனைப் பீமன் கிழிக்கக் கிழிக்க அவன் உடம்பு மறுபடி ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணன் ஒரு துரும்பைக் கிழித்து இரு பாதியையும் மாற்றிப் போட்டுக் காட்டினான். கதை சொல்பவர் குறிப்புக் கொடுப்பது இவ்வளவுதான் இருக்க வேண்டும். வாயைத் திறந்து விடையைச் சொன்னால் அது டியூஷன். ஒன்றும் காட்டாமல் நண்பர்கள் திண்டாடுவதை ரசித்தால் அடுத்த வாரம் வர ஆள் இருக்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இத்தனை பாடுபட்டுச் செய்த அசுரன்மேல் பாசம் வந்துவிடும். சாகும் நேரத்தில் பகடையை மறைத்து உருட்டி அவனைக் காப்பாற்றக் கை வரும். வேண்டாம். திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தன்று ஊரே கூடி மண்ணால் அத்தனை நீளத் துரியோதனனைச் செய்து, வர்ணம் அடித்து, கிரீடம் வைத்து, பீமன் தொடையில் அடிப்பதற்காகத்தான் படுக்க வைக்கிறது. உங்கள் அசுரனையும் தோற்பதற்காகச் செய்யுங்கள். அவன் நன்றாகத் தோற்றால், வேலை நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.