வரிசையில் நிற்பது உடற்கல்வி அல்ல

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் முடிந்ததும் உடற்கல்வி பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு விளையாட்டில் தனிப் பயிற்சி கிடையாது. வகுப்பில் 36 பிள்ளைகள், கையில் 40 நிமிடம், ஒரேயொரு பந்து. பாடத்தை எப்படித் திட்டமிடுவது?
– தரம் 3 வகுப்பாசிரியை, சம்மாந்துறை

பந்தை அலுமாரியில் வையுங்கள், டீச்சர். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 36 பேரையும் இரண்டு வரிசையாக நிறுத்தி ஓட்டம் வைக்கிறீர்கள். ஒருவர் போய்வர 15 விநாடி. வரிசையில் 18 பேர் இருப்பதால் ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர 270 விநாடி, அதாவது நாலரை நிமிடம். 20 நிமிடத்தில் ஆளுக்கு நான்கு முறைதான் கிடைக்கும். ஓடியது ஒரு நிமிடம், நின்றது 19 நிமிடம். நிற்கிற பிள்ளை சும்மா நிற்குமா? முன்னால் நிற்பவனின் கொலரை இழுக்கும், நீங்கள் அதட்டுவீர்கள், பாடம் அதோடு போய்விடும்.

அதே பிள்ளைகளை நால்வர் நால்வராக ஒன்பது குழுவாக்குங்கள். இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுவார்கள். அதே 20 நிமிடத்தில் ஐந்து நிமிட ஓட்டம் கிடைக்கும். ஆளும் மாறவில்லை, மைதானமும் மாறவில்லை. 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் உங்கள் பாடவேளை எத்தனை நிமிடம் தருகிறது என்பதே திட்டத்தின் முதற்கேள்வி.

மைதானத்துக்குப் போகவும் திரும்பவும் ஏழெட்டு நிமிடம் கழியும். மீதியில் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் ஒரே நேரத்தில் அசையும் தொட்டுப்பிடி விளையாட்டு. அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரே ஒரு திறன். பிறகு அந்தத் திறன் தேவைப்படும் ஒரு விளையாட்டு. கடைசி மூன்று நிமிடம் மெதுநடை, தண்ணீர். விளக்கத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள், செய்துகாட்டுங்கள். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், பிள்ளைகளின் முதுகில் விழட்டும். கண் கூசினால் அவர்கள் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள்.

பாடக்குறிப்பில் நோக்கம் என்று என்ன எழுதுவது? ‘எறிதல் திறனை விருத்தி செய்தல்’ என்று எழுதினால் போதுமா?
– பயிலுநர் ஆசிரியர், அட்டாளைச்சேனை

போதாது, தம்பி. விருத்தியாயிற்றா இல்லையா என்பதை மைதானத்தில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதை எழுதுங்கள்.

ஆறு ஏழு வயதுப் பிள்ளை எறிவதைக் கவனியுங்கள். வலக்கையால் எறியும், வலக்காலையே முன்னால் வைக்கும். இடுப்பு திரும்பாது, முழங்கை மட்டும் மடங்கி விரியும், பொருள் காலடியிலேயே விழும். அந்தப் பிள்ளையைப் பக்கவாட்டாக நிற்கச் சொல்லி, இடக்காலை எட்டிவைத்து எறியச் சொல்லுங்கள். தூரம் அப்போதே கூடும், பிள்ளையின் முகமும் மாறும். ஆகவே உங்கள் நோக்கம் இதுதான்: ‘எறியும் கைக்கு எதிர்க்காலை முன்வைத்து எறிவர்.’ யார் செய்கிறார், யார் செய்யவில்லை என்பதை ஒரு சுற்று நடந்துவந்தாலே கண்டுகொள்ளலாம். ஒரு பாடத்துக்கு ஒரு நோக்கம். இரண்டு எழுதினால் இரண்டும் அரைகுறை.

உபகரணம் வாங்கப் பணமில்லை என்கிறார் அதிபர்.
– ஆசிரியை, இறக்காமம்

வயல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு கவலைப்படுகிறீர்களே! தையற்கடையில் வெட்டுத்துணி கேளுங்கள். உள்ளங்கை அளவு பை தைத்து, முக்கால்வாசிக்கு நெல் நிரப்பி, வாயை இரட்டைத் தையல் போடுங்கள். வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பை. தாய்மார் கூடினால் ஒரு பின்னேரத்து வேலை.

தொடக்க வகுப்புகளில் பந்தைவிட நெற்பையே எனக்கு உசத்தி. தவறவிட்ட பந்து உருண்டு ஓடும், பிள்ளை அதன் பின்னால் ஓடியே பாடத்தைக் கழிக்கும். நெற்பை விழுந்த இடத்தில் கிடக்கும். கையில் பட்டால் நோகாது. தலையில் வைத்து நடக்கலாம், காலால் தள்ளலாம், தோழிக்கு எறியலாம், வட்டத்துக்குள் குறிபார்க்கலாம். பந்து வரும்போது கண்ணை இறுக்கி மூடும் பிள்ளைகளுக்கு முதலில் பலூன் கொடுங்கள். அது மெதுவாக இறங்கும், பயம் போய்க் கண் திறக்கும். அங்கிருந்து நெற்பை, அதன் பிறகு பந்து. எலி வராமல் மட்டும் தகர டின்னில் போட்டு மூடிவையுங்கள்.

சங்கீதக் கதிரையில் ‘அவுட்’ ஆன பிள்ளையை எங்கே உட்காரவைப்பது?
– முன்பள்ளி ஆசிரியை, மாளிகைக்காடு

எங்கேயும் உட்காரவைக்காதீர்கள். கதிரையைக் குறையுங்கள், பிள்ளையைக் குறைக்காதீர்கள். பாட்டு நின்றதும் மிஞ்சிய கதிரைகளில் எல்லாரும் ஒட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பிடித்து நிற்கட்டும். முதலில் வெளியேறுவது யார் என்று பாருங்கள்: கால் மெதுவான பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை. அதிகம் ஓடவேண்டிய அந்தப் பிள்ளைக்குத்தான் நாம் அதிக ஓய்வு கொடுக்கிறோம்.

மகள் தரம் 5. விளையாட்டுப் பாடவேளையிலும் மாதிரி வினாத்தாள் செய்விக்கிறார்கள். எனக்குச் சம்மதம்தான். புலமைப்பரிசில் முடியட்டும், பிறகு விளையாடட்டுமே?
– ஒரு வாப்பா, சாய்ந்தமருது

உங்கள் பதற்றம் புரிகிறது. மகளின் எதிர்காலத்தை நினைத்துத்தானே சொல்கிறீர்கள். ஆனால் அந்த 40 நிமிடத்தால் மகளுக்குப் புள்ளி கூடும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதுபற்றிய 50 ஆய்வுகளைத் திரட்டி 2010 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உடலியக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே பார்க்கப்பட்ட தொடர்புகளில் ஏறத்தாழப் பாதி நன்மையைக் காட்டின, மீதி பெரும்பாலும் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்றன. படிப்பு கெடும் என்று காட்டியவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் தரம் 1 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வழமைபோல் இருந்த பிள்ளைகளில் 39.5 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 வீதம். 2015 இல் வெளியான முடிவு இது. 40 நிமிடம் என்பது நம் பாடவேளையின் அதே அளவு. இரவும் பகலும் வினாத்தாளில் குனிந்திருக்கும் மகளின் கண்ணுக்காகவாவது அவளை வெளியே விடச் சொல்லி நீங்களே பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

ஆரம்பப் பிரிவில் உடற்கல்வி ஒரு பாடமே இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு அலட்டல்?
– ஓர் அதிபர் (ஊர் வேண்டாம் என்கிறார்)

சுகாதாரமும் உடற்கல்வியும் தனிப்பாடமாக வருவது தரம் 6 இல் என்பது உண்மை. ஆனால் 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999 இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தை நினைவுபடுத்துகிறேன், சேர். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழி வகுத்து, தரம் 1, 2 இல் விளையாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தது அது. எழுத்து வேலை முன்னுக்கு வருவது தரம் 5 இல்தான். பிள்ளையின் விளையாட்டு உரிமையைச் சொல்லும் 31 ஆம் உறுப்புரை உள்ள சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டமும் பாடத்திட்டமும் பிள்ளைகளின் பக்கம் நிற்கின்றன. நேரசூசி உங்கள் கையில்.

தரம் 4, 5 பெண் பிள்ளைகளை வீட்டார் விளையாட விடுவதில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?
– ஆசிரியை, நிந்தவூர்

நபிகளார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை வென்றது ஆயிஷா நாயகி. அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கும் இந்தச் செய்தியை உங்கள் ஊர் மௌலவியையே பெற்றார் கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். உடைதான் கவலை என்றால், தலையை மூடி விளையாடுவதை உதைபந்தாட்டச் சட்டம் 2014 இலேயே அனுமதித்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு வாள்வீச்சில் வெண்கலம் வென்றார் இப்திஹாஜ் முஹம்மத். தளர்வான நீளக் காற்சட்டையும் ஊசி குத்தாத தலைமூடியும் போதும். குண்டூசியை மட்டும் மைதானத்துக்கு விடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் பார்வையாளராக ஓரத்தில் உட்காரும் பாடத்தை நான் பாதிப் பாடம் என்றுதான் சொல்வேன். பத்து வயதில் ஓடிப் பழகாத பிள்ளை நாற்பது வயதில் நடக்கச் சொன்னால் நடக்காது. நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தில் வரிசையில் நிற்கும் நம் உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் மைதானம் கொதிக்கிறது. மாரியில் அதே மைதானம் குளம். என்ன செய்ய?
– ஆசிரியர், மல்வத்தை

கச்சானில் உடற்கல்வியை முதற் பாடவேளைக்கு மாற்றுங்கள், மைதானத்தை விட்டு மரநிழலுக்கு வாருங்கள், பத்து நிமிடத்துக்கொரு முறை எல்லாரும் தண்ணீர் குடிக்கட்டும். தலையிடி, தலைசுற்று என்று சொல்லும் பிள்ளையை நடிக்கிறது என்று எண்ணாதீர்கள். மாரியில் மேசைகளைச் சுவரோரம் தள்ளுங்கள். ஒற்றைக்காலில் நிற்றல், நெற்பையைச் சமப்படுத்தல், பாட்டுக்கு உடலசைத்தல், களிகம்பு ஆட்டத்துக்குக் கடதாசியில் சுருட்டிய கம்பு: இவற்றுக்கு வகுப்பறையே போதும்.

கால் ஊனமான ஒரு பிள்ளையைப் புள்ளி எழுதவைத்திருக்கிறேன். சரிதானே?
– ஆசிரியை, நாவிதன்வெளி

இல்லை. பிள்ளை பாடசாலைக்கு வந்தது எழுதுவினைஞர் வேலைக்கா? நான்கில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்: இடம், வேலை, பொருள், கூட ஆடும் ஆள். ஓடவேண்டிய தூரத்தைக் குறைக்கலாம். ஓடுவதற்குப் பதில் எறியலாம். பெரிய, மெதுவான பந்து கொடுக்கலாம். தொட்டுப்பிடியில் அந்தப் பிள்ளைக்குத் தொடுவதற்கு நீளமான, மென்மையான ஒரு பொருள், சுருட்டிய கடதாசிக் குழல் போன்றது கொடுக்கலாம். எது பொருந்தும் என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சொல் கேட்காதவனை மைதானத்தைச் சுற்றி மூன்று முறை ஓடவிடலாமா?
– ஆசிரியர், மருதமுனை

ஓடுவது தண்டனை என்று இன்று கற்பித்துவிட்டு, நாளை ‘ஓடினால் ஆரோக்கியம்’ என்று எப்படிச் சொல்வீர்கள்?

மாவடிப்பள்ளிக்குப் பிறகு பயமாக இருக்கிறது. நீச்சல் தடாகம் இல்லாத பாடசாலையில் தண்ணீர்ப் பாதுகாப்பை எப்படிக் கற்பிப்பது?
– ஓர் உம்மா, சம்மாந்துறை

2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அள்ளிச்சென்ற மத்ரஸாப் பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள். அந்த வேதனையோடு கேட்கிறீர்கள், கவனமாகவே பதில் சொல்கிறேன். வெள்ளத்தில் நீச்சல் பெரிதாகக் கைகொடுக்காது. முழங்காலளவு ஓடும் நீரே வளர்ந்தவரைச் சாய்த்துவிடும். ஆகவே முதற்பாடம் ஓடும் நீரில் இறங்காமை, பெரியவர் கூப்பிட்டாலும் ‘மாட்டேன்’ என்று சொல்லும் துணிவு.

இரண்டாவது, எறிதல் பாடத்தோடு சேர்த்துச் செய்யலாம். மூடியிட்ட வெறும் ஐந்து லீற்றர் கேனில் கயிறு கட்டுங்கள், எடைக்குச் சிறிது தண்ணீர் விடுங்கள். ஒருவர் கோட்டுக்கு அப்பால் தரையில் அமர்ந்து கைநீட்ட, மற்றவர் கேனை அவரைத் தாண்டி எறிந்து, படுத்துக்கொண்டு கயிற்றை இழுக்கட்டும். நின்று இழுத்தால் எறிந்தவரும் நீருக்குள் போய்விடுவார் என்பதை விளையாட்டிலேயே உடலால் உணர்வார்கள். தோழன் விழுந்தால் பின்னால் குதிக்காதே, கத்து, எறி, ஆளைக் கூப்பிடு. தரம் 3 இலிருந்தே இதைப் பழக்கலாம்.

சிறுவர் விளையாட்டு விழாவில் பணிஸ் உண்ணல் வைக்கலாமா?
– பெற்றார், கல்முனை

வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு அவசரமாக விழுங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரையேறினால் என்ன செய்வது? தேசிக்காய் கரண்டி ஓட்டம், தவளைப் பாய்ச்சல், போத்தலில் நீர் நிரப்புதல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் இருக்கின்றனவே. இன்னொன்று, இந்த விழாவுக்காக இரண்டு மாதப் பாடவேளைகளை அணிநடைப் பயிற்சி விழுங்கிவிடுகிறது. அதையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

கிளித்தட்டைப் பாடத்தில் சேர்க்கலாமா? எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது.
– ஆசிரியர், காரைதீவு

சேர்க்கலாமா என்று கேட்கவே வேண்டாம், காக்கா. திடீரென நிற்பது, திரும்புவது, ஏமாற்றி விலகுவது, கூட்டாளியைப் பார்த்து ஓடுவது எல்லாம் ஒரே விளையாட்டில் கிடைக்கும், ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பெரியவர் தட்டை அப்படியே போட்டால் சிறு பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். 36 பேருக்கு மூன்று தட்டு கீறுங்கள், ஒவ்வொன்றிலும் ஆறுக்கு ஆறு. தரம் 3 க்குக் குறுக்குக் கோடு இரண்டு போதும், நடுக்கோட்டில் ஓடி மறிக்கும் கிளி இல்லாமலே தொடங்குங்கள். இரண்டு வாரம் போனதும் நடுக்கோட்டில் கிளியை விடுங்கள், தட்டு அப்போது சூடுபிடிக்கும். தொடப்பட்டவர் வெளியே போகவேண்டாம், தொடங்கிய கோட்டுக்குத் திரும்பி மறுபடி வரட்டும். கோட்டைச் சாம்பலால் போடுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. வெறுங்காலோடு ஆடுவதென்றால் முதல்நாள் பின்னேரமே மைதானத்தில் முள்ளும் போத்தல் துண்டும் பொறுக்கிவிடுங்கள்.