முக்கால் இன்ச் பைப்பும் மச்சான் பட்டறையும்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கடையில் எந்தச் சாமானைப் பார்த்தாலும் விலை கேட்க மாட்டோம். எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, நாமளே கடைஞ்சுக்கலாமே" என்போம். ஜி.டி. நாயுடு மின்சார ஷேவர் வரைக்கும் செய்துகாட்டிவிட்டுப் போன ஊர். எங்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அம்மா மாடிப்படியில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. முக்கால் இன்ச் ஜி.ஐ. பைப், மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. வளைத்துத் தரும் கடை தெருமுனையிலேயே இருக்கிறது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். "அங்கேயே குடுத்தா என்ன?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி, அதனால்தான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது கைப்பிடியா? பைப் பெண்டர்!

மெஷின் செய்ய மெஷின் வேண்டுமே. அது மச்சானிடம் இருந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி தருவதாக ஒப்பந்தம். "ஏனுங் மாமா, எது வேணாலும் எடுத்துக்குங்க. எடுத்த எடத்துல வெச்சுருங்க, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதா'னுக்குள் ஓர் அரசியல் சட்டமே அடங்கியிருந்தது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடக் கூடாது. பறந்து வந்து நெற்றியில் உட்காரும். வெர்னியரின் மூக்கால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. ஃபோர்மேன் அண்ணனின் டூல் பெட்டியைப் பார்க்கவே கூடாது. லீவு நாளிலும் அவர் 'சும்மா' வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரவல் பட்டறையில் மாப்பிள்ளை முறுக்கு செல்லுபடியாகாது.

முதல் தகராறைப் பைப்பே கிளப்பியது. முக்கால் இன்ச் பைப்பில் முக்கால் இன்ச் எங்கேயுமே கிடையாது! கணக்குப்படி அது 19 மி.மீ. வெர்னியரை வெளியே வைத்தால் கிட்டத்தட்ட 27. உள்ளே விட்டால் 21க்கும் மேல். மஞ்சள் கோடு, நீலக் கோடு, சிவப்புக் கோடு என்று மூன்று கனத்தில் விற்கிறார்கள். கனம் ஏற ஏற உள்ஓட்டைதான் சுருங்கும். வெளிச்சுற்றில் கை வைத்தால் எல்போவும் சாக்கெட்டும் மரையில் ஏறாதே! பெண்டருக்கோ வெளிச்சுற்றுதான் கணக்கு.

பழைய இரும்புக் கடையில் எடை போட்டு ஒரு ரவுண்டு வாங்கினேன், ஆறு கிலோ சொச்சம். அதன் விளிம்பில் பைப்பின் பாதி உட்காரும்படி அரைவட்டக் காடி எடுக்க வேண்டும். பைப் வளையும்போது வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும், உள்பக்கம் நெருக்குண்டு சுருங்கும். காடி இரண்டு விலாவையும் இறுக்கிப் பிடிக்காவிட்டால் பைப் நடுவில் சப்பையாகிவிடும்.

வட்ட முனை டூலைக் காடியில் இறக்கியதும் லேத் அலறிய அலறலில் தெருநாய்கள் பதில் குரல் கொடுத்தன. ஃபோர்மேன் எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் லீவரைத் தள்ளி வேகத்தைக் குறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். லேத்தும் அடங்கியது, நாய்களும் அடங்கின. கடைசியில் ஒரு பைப் துண்டைக் காடியில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு முடி கனத்துக்கு வெளிச்சம் கசிந்தது. ஃபோர்மேன் "ம்" என்றார். அவர் கையால் கிடைக்கக்கூடிய பாரத ரத்னா அது.

பைப்புக்குள் மணல் அடைத்து இரண்டு முனையிலும் மரக்கட்டை அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதுவும் பொட்டு ஈரமில்லாத மணலாம். ஈர மணலை அடைத்துவிட்டு யாராவது காஸ் வைத்துச் சூடு காட்டினால், நீராவி முட்டிக் கட்டை குண்டாகப் பறக்கும். வீட்டு வாணலியில் மணல் வறுக்கும் யோசனையை மனைவி பார்வையாலேயே நிராகரித்தாள். கடலை வறுக்கும் வண்டிக்காரரிடம் போய் அவர் மணலில் கொஞ்சம் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை; ஆனாலும் கொடுத்தார். பட்டறை முழுக்க வேர்க்கடலை வாசம்.

காடி எடுத்த ரவுண்டைப் பட்டறை மேஜையில் பூட்டி, பெண்டரின் நாலடிக் கைப்பிடியைப் பிடித்து நானும் மச்சானும் இழுத்தோம். பைப் அப்படியே இருந்தது. மேஜை எங்களோடு கிளம்பி வந்தது. "ஏனுங் மாமா, இது மேஜை நகத்துற மெஷினுங்களா?" என்றான் மச்சான், பணிவு குறையாமல். பிறகு தரையைத் துளைத்து, ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு, சிமெண்ட் ஊற்றினோம். அடுத்த ஞாயிறு பைப் மறுபேச்சில்லாமல் வளைந்தது. தொண்ணூறு டிகிரி வந்ததும் விட்டால், முதலாளி தலை மறைந்ததும் நிமிரும் ஹெல்பரைப் போலச் சில டிகிரி நிமிர்ந்துகொண்டது. இரும்பின் சுபாவம் அது. கூடக் கொஞ்சம் வளைத்து விட்டால் சரியாக வந்து நிற்கும்.

கைப்பிடியைப் பொருத்தியாயிற்று. அம்மா சுவரைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். இரும்பு ஜில்லென்று இருக்கிறதாம்.

பெண்டரை வீட்டுக்குக் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை. போல்ட் சிமெண்டில் இருக்கிறது, சிமெண்ட் மச்சான் தரையில் இருக்கிறது. 'இங்கு பைப் வளைத்துத் தரப்படும்' என்று வாசலில் போர்டு வேறு தொங்குகிறது. மொட்டைமாடியில் பாகற்பந்தல் போட நாலு பைப்போடு போனேன். முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மச்சான் நோட்டை நீட்டி, "பேரும் சைஸும் எழுதிட்டுப் போங் மாமா, புதன்கெழமை வாங்க" என்றான்.

ஃபோர்மேன் ஸ்டூலிலிருந்தே சொன்னார்: "அட்வான்ஸெல்லாம் வாங்கிறாதீங்க. நம்ம வீட்டு மாப்பிள்ளை."