மணிக்கட்டில் ஒரு மகா வைத்தியர்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வைத்தியர் வாய்த்திருக்கிறார். என் அறுபதாம் கல்யாணத்துக்குப் பையன் வாங்கி அனுப்பியது. குடியிருப்பது என் மணிக்கட்டில். ஃபீஸ் கேட்பதில்லை, டோக்கன் கொடுத்துக் காக்க வைப்பதில்லை, 'டாக்டர் வெளியூர்' என்று கதவில் அட்டை மாட்டுவதில்லை. ராத்திரி மட்டும் சார்ஜரில் படுத்துக்கொள்வார். துடிப்புக் கோளாறு சிலருக்கு ராத்திரித் தூக்கத்தில் வந்து விடிவதற்குள் போய்விடுமாம். போகட்டுமே, அதற்காக ஒரு வைத்தியர் கண் விழித்துக் கிடக்க முடியுமா?

அவருடைய நாடி சாஸ்திரமே தனி. அந்தக் காலத்து வைத்தியர்கள் மூன்று விரலை வைத்துப் பார்த்ததை இவர் பச்சை விளக்கை வைத்துப் பார்க்கிறார். ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் பொங்கி வர, திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் இடைவெளியை எண்ணித் துடிப்பு ஒழுங்கா, இல்லையா என்று கணக்குப் போடுகிறார். வார் கொஞ்சம் தளர்ந்தால், கை சில்லிட்டால், தேங்காய் துருவினால் கணக்கு பிசகும். பச்சை குத்திய கையாக இருந்தால் பச்சை விளக்கே தடுமாறும். மேதைகள் எல்லாருமே கொஞ்சம் தொட்டாற்சுருங்கிகள்தானே!

வம்சமும் லேசுப்பட்டதல்ல. நெதர்லாந்தின் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஈசிஜி கருவியின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இயக்க ஐந்து ஆட்கள். 1924-ல் நோபல் பரிசும் அதற்கே கிடைத்தது. அன்று ஒரு வரைபடத்துக்கு ஐந்து பேர். இன்று நான் ஒருவனே நாளைக்கு ஐம்பது வரைபடம் எடுக்கிறேன், அதைப் படித்துச் சொல்ல ஒருவர்கூடத் தேவையில்லை. முன்னேற்றம் என்றால் இதுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டு ஈசி சேரில் சாய்ந்தேன். மணிக்கட்டில் இரண்டு முறை அதிர்ந்தார். திரையில், சீரற்ற துடிப்புக்கான அறிகுறி இருக்கிறது என்று ஒரு வரி. உடனே பக்கவாட்டுக் குமிழில் விரலை வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தேன். 'முடிவு தெளிவில்லை.' மறுபடி வைத்தேன். தெளிவில்லை. மூன்றாம் தடவை ஒரு எண்ணைக் காட்டினார்: 118. சாப்பிட உட்கார்ந்தபோது 76 இருந்தது. பயத்தைத் தானே கொடுத்து, பயத்தால் வந்த வேகத்தைத் தானே அளந்து, அதைத் தேதி, மணி போட்டுப் பதிந்தும் வைக்கும் வைத்தியரை நீங்கள் வேறெங்கே பார்க்க முடியும்? சாயங்காலக் காபிக்குள் பதினோரு தடவை பார்த்துவிட்டோம். பதினோரு தடவையும் முகம் சுளிக்கவில்லை.

தன்னடக்கம் வேறு. ஒவ்வொரு தடவையும் அடியில் மாரடைப்பைத் தன்னால் கண்டறிய முடியாது என்று எழுதிக் காட்டுகிறார். நெஞ்சைப் பற்றிய பயத்தை உண்டாக்கிவிட்டு, நெஞ்சுக்கு நான் பொறுப்பல்ல என்று கைகட்டி நிற்கிற பெருந்தன்மை நம் ஊர்த் தலைவர்களிடமே அபூர்வம்.

அவர் தேடுவது சாமானிய வியாதியுமில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்கு கூடும். வயது ஏற ஏற வரும் வியாதி இது. அதனால்தானோ என்னவோ, ஆப்பிள் கடிகாரத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில் சேர்ந்த 4,19,297 பேரில் பாதிக்கு மேல் 40 வயதுக்கு உட்பட்டவர்கள். வாங்கக்கூடியவர்களிடம் போய்ச் சேர்வதும் ஒரு சாமர்த்தியம். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு. பிறகு நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய 450 பேரில் வியாதி தெரிந்தது 34 சதவீதத்தினருக்கு. மற்றவர்களுக்கு? வந்து போயிருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம். அந்தச் சஸ்பென்ஸை அவரவருக்கே விட்டுவிடுகிறார்கள். டென்மார்க்கில் 70 கடந்தவர்களின் தோலுக்கடியில் கருவியையே பொதித்து வருஷக்கணக்கில் கண்காணித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. வியாதியைக் கண்டுபிடித்தது சுமார் மூன்று மடங்கு கூடியது. பக்கவாதம் திட்டவட்டமாகச் சொல்லும்படி குறையவில்லை. கண்டுபிடிப்பது ஒரு கலை. கலையைப் பலன் கேட்டு அவமதிக்கக் கூடாது.

மறுநாள் பதினோரு வரைபடங்களையும் அச்செடுத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்க" என்றார். அங்கே இருந்த மெஷினைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ரப்பர் குமிழ்கள் வெடித்து, வயரில் பிளாஸ்திரி சுற்றி, பட்டன்களில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து மனதாரப் பாராட்டினாளே, அப்படி என் வைத்தியரைப் பாராட்டத் தோன்றியது. இவர் மேல் ஒரு கீறல் உண்டா!

அந்த அழுக்கு மெஷின் ஜில்லென்ற களிம்போடு பத்து இடத்தில் கவ்விப் பிடித்து, பன்னிரண்டு கோணத்தில் பார்த்தது. "மிருதங்கக்காரர் ஒரு அடியை முந்திப் போட்டுட்டு அடுத்ததுக்குக் கொஞ்சம் காத்திருக்கிற மாதிரி, அவ்வளவுதான். தாளம் தப்பலை. நீங்க பயப்படுற வியாதியில தாளமே இருக்காது" என்றார் டாக்டர். எதற்கும் இருக்கட்டும் என்று 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும் மாட்டினார். அதிலும் ஒன்றுமில்லை. பிறகு பிரஷர் பார்த்தார். 170-க்கு 100.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

வைத்தியர் வீட்டுக்கு வந்த தைரியத்தில் ஒன்றரை மாதமாக நிறுத்தியிருந்தேன். "அந்த வியாதிக்குக் கதவைத் திறந்து விடுறதே இந்தப் பிரஷர்தான் சார்" என்றார். பதினோரு தடவை என்னோடு பேசியவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அடுத்தவர் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்காத பண்பு.

இப்போது தினமும் காலையில், மாத்திரை போட்ட பிறகு, என் மனைவி நாடி பார்க்கிறாள். முப்பது வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். முதல் நாள், "ஏங்க, இது குறுக்கே நிக்குது" என்று வைத்தியரைக் கழற்றி டீப்பாயில் வைத்தாள். மூன்று விரலைப் பதித்தாள். ஒரு முழு நிமிஷம் பேச்சில்லை. வைத்தியருக்குத் துளியும் கோபமில்லை. நிமிர்ந்து கிடந்து, பளிச்சென்று விநாடிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவளும் அதைப் பார்த்துத்தான் எண்ணினாள்.

நேரம் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.