அகுல்லாஸ் வழிக் கட்டுச்சோறு

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா எங்களை டர்பனிலிருந்து அகுல்லாஸ் முனைக்குக் காரில் கூட்டிப்போனார். ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான தென்கோடி அதற்குத் தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அகுல்லாஸ். பூகோளம் சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு, பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வழி நெடுகச் சாப்பாடு அம்மாவின் கூடைதான்: உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, சமோசா, அவித்த முட்டை, பிளாஸ்கில் டீ. ஓட்டல், கழிப்பறை, கடற்கரை எல்லாவற்றையும் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் 1953-ஆம் வருடத்துச் சட்டம் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தை விட்டு வெளியே போகவே அன்று இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்கில் அப்பாவின் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். கழிப்பறைச் சாவி, தொலையாமலிருக்க மரக்கட்டை கட்டி, கண்ணெதிரே ஆணியில் தொங்கும், கேட்டால் கிடைக்காது. அம்மா பழைய புடவையை விரித்துப் பிடிக்க, அக்காவும் நானும் புதர் மறைவில் ஒதுங்குவோம். போர்ட் எலிசபெத்தில் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பாய் விரித்துக் கொடுத்தது. அவர்கள் இல்லையென்றால் ராத்தூக்கம் காரில்தான்.

முனையில், 1849-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இருண்டு கிடந்தது. சுவர் பலமிழந்ததால் 1968-இல் விளக்கை அலுமினியக் கோபுரத்துக்கு மாற்றியிருந்தார்கள். செப்பனிட்டு 1988-இல் மீண்டும் ஏற்றினார்கள். நிறம் பார்த்துப் பிரித்த அந்தச் சட்டம் ஒழிய 1990 ஆயிற்று.

போன டிசம்பரில் பேத்தி காரோட்ட, மறுபடி போனேன். இன்று எந்த ஓட்டலிலும் நிறுத்தலாம். ஆனாலும் விடியுமுன் எழுந்து ரொட்டி சுருட்டினாள். “நம்ம வீட்டு வழக்கம் ஆயா, இது இல்லாம ரோட் ட்ரிப்பா?” ரொட்டியைச் சுற்றிய தாளின் இரு முனையையும் முறுக்கி மூடுவதுகூட அப்படியே அம்மாவுடையது.

அம்மா வேறு வழியின்றிக் கட்டியது இவளுக்குக் கொண்டாட்டமாக வந்து சேர்ந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் ஏன் கட்டினோம் என்பதும் இவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இடப்பக்கம் இந்தியப் பெருங்கடல், வலப்பக்கம் அட்லாண்டிக் என்று பொறித்த கல்லருகே உட்கார்ந்து தின்னும்போது அந்தச் சாவியைப் பற்றிச் சொன்னேன்.

மெல்லுவதை நிறுத்தினாள். “உங்கம்மாவுக்குமா தரல?”

திரும்பும்போது ஸ்வெல்லண்டம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்: அனுமதிச் சீட்டு எப்படி இருக்கும், அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அந்தப் புடவை என்ன நிறம் என்று.