பத்து நாள் தச்சர்

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் 10 நாள் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் வேலை பழக வேண்டுமாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது.

எங்கள் தெருத் தச்சரிடம் சொன்னேன். இழைப்புளியை நிறுத்தி, சுருள் சுருளாகக் கிடந்த சீவலைக் காலால் ஒதுக்கினார். "பத்து நாள்ல உளி தீட்டவே கை வராது சார். நான் ரெண்டு வருசம் பசை காய்ச்சினேன்."

"உங்க பையன்?"

"இன்ஜினியரிங்தான். பின்னே?"

2025-க்குள் மாணவரில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் என்பதும் அதே கொள்கையின் இலக்கு. 2025 மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டுப் போனது.

கொள்கை எழுதியவர்கள் வீட்டில் நாற்காலி ஆடினால் சொல்லுங்கள், தச்சரின் நம்பர் தருகிறேன். ஆள் வர மூன்று வாரம் ஆகும்.