காலியிடத்தின் மகாத்மியம்

வட்டிலிருந்து ஒருமுறை வாசித்த கோப்பை, மீண்டும் வேண்டியிருக்குமென்று நினைவகத்தில் பத்திரப்படுத்தி, வேறு வேலை வந்து இடம் கேட்ட கணத்தில் மறுபேச்சின்றி ஒழித்துக் கொடுப்பதே கேஷ் என்னும் ஏற்பாட்டின் தர்மம். இவ்விடத்தை விண்டோஸ் 'கிடைக்கக்கூடியது' என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மேக் தனி வரியில் எழுதி, 2013 முதல் நினைவக நெருக்கடிக்கென்று ஒரு வரைபடமும் தீட்டிக் காட்டும். லினக்ஸோ, 'காலி' என்பதன்கீழ் அற்பமான எண்ணைக் காட்டி ஜனங்களைப் பீதியில் ஆழ்த்திவிட்டு, 2014இல்தான் 'கிடைக்கக்கூடியது' என்று ஆறுதல் கூறத் தொடங்கிற்று.

இத்தகைய ஆறுதல்களுக்கு மயங்காமல், மணிக்கொரு தரம் கேஷைத் துடைத்தெறிந்து, காலி எண் உயரக் கண்டு ஆனந்திக்கும் விவேகிகளை நான் மனமாரப் போற்றுகிறேன். அவர்களுடைய சித்தாந்தம் கணினியோடு நின்றுவிடுவது தேசத்துக்கு நஷ்டம். சென்னையிலிருந்து ஒரகடத்துக்குப் போகிற வழியில், அந்நகருக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி இடத்தை வருஷந்தோறும் வெறும் தண்ணீருக்குத் தாரை வார்ப்பதைக் கண்டு எந்த நிர்வாகியின் நெஞ்சுதான் பதறாது?

நல்லவேளையாக, 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி அந்த லட்சியத்தை ஏறத்தாழ எய்தியே விட்டது. அவ்வாண்டு ஜூலையில் சென்னைக்குத் தண்ணீர், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தது. வாசிப்பில் சற்றே தாமதம் நேர்ந்தது மெய்தான். ஆனாலும், காலியிடக் கணக்கில் ஒருவரும் குறை சொல்ல முடியவில்லை.