வேர்க்கடலை, பென்சில், ஒன்பது இன்னிங்ஸ்

‘இந்தக் கோடையில் காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள்?’ என்று போன இதழில் கேட்டிருந்தேன். நயாகரா என்று எழுதிய அத்தனை பேருக்கும் வாழ்த்து. பேஸ்பால் பார்க்கப் போகிறோம் என்று எழுதியவர்களுக்கு இந்த இதழின் முழுப் பக்கமும்!

கே: இரண்டு வாரம் லீவு, ஒரு வேன், ஆறு பேர். எந்தெந்த மைதானத்துக்குப் போகலாம்? (நியூஜெர்சி வாசகி)

ப: முதலில் அட்டவணையைப் பாருங்கள், பிறகு வரைபடத்தை. ஒரு அணிக்கு 162 ஆட்டம். அதில் பாதி வெளியூரில். நீங்கள் எட்டு மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கும் அன்று உள்ளூர் அணி விமானம் ஏறியிருக்கும். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வேறு வருகிறது. அந்த நாட்களில் எந்த மைதானத்திலும் லீக் ஆட்டம் கிடையாது.

உங்கள் ஊரிலிருந்து மேற்கே கிளம்புங்கள். முதல் நிறுத்தம் பிட்ஸ்பர்க். 2001-இல் திறந்த பி.என்.சி. பார்க்கில் மூன்றாவது பேஸ் பக்கமாக, மேல்தளத்தில் இடம் வாங்குங்கள். எதிரே அலிகெனி ஆறு, அதன்மேல் மஞ்சள் பாலம், அதற்கப்பால் நகரத்தின் உயரக் கட்டடங்கள். மாலை வெயில் அந்தக் கண்ணாடிகளில் படும்போது இரண்டு இன்னிங்ஸ் கைதவறிப் போகும், பரவாயில்லை. ஆட்ட நாளில் பாலத்தில் கார் ஓடாது, ஜனங்கள் நடந்துதான் வருவார்கள். நீங்களும் நடங்கள், நடக்கும்போது பிள்ளைகளுக்கு ராபர்ட்டோ கிளெமென்டேயின் கதையைச் சொல்லுங்கள். பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று கடலில் விழுந்ததில் இறந்த ஆட்டக்காரர். அவருடைய சட்டை எண் 21. அந்த மைதானத்தின் வலது சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியது அதற்காகத்தான்.

அடுத்து கிளீவ்லாந்து. சிகாகோ போகிற வழியில் டொலீடோவில் வண்டியை நிறுத்தி ‘மட் ஹென்ஸ்’ அணியின் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். சிறு லீக் அணி என்பதால் டிக்கெட் மலிவு. பிள்ளைகள் ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கலாம். ஆறு பேர் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ராத்திரி அமெரிக்காவில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். பிறகு சிகாகோ. அங்கிருந்து மில்வாக்கி ஒன்றரை மணி நேரம். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேஷம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் விடுவார்கள். கடைக்குட்டிக்கு ஊர் திரும்பியபின் நினைவிருக்கப் போவது அது ஒன்றுதான்.

கே: பேஸ்பால் போரடிக்குமே? (ஃப்ரீமாண்ட் வாசகர்)

ப: ஒரு ஸ்கோர் அட்டை, ஒரு பென்சில் வாங்குங்கள். அடுத்த கேள்வி.

கே: எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? (எடிசன் வாசகர்)

ப: 2022-இல் சராசரி 3 மணி 4 நிமிடம். 2023-இல் பந்து வீசக் கடிகாரம் வைத்தார்கள், 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. நம் சினிமா ஒன்றின் நேரம். உட்காருங்கள்.

கே: எல்லா மைதானமும் ஒன்றுதானே? ஒன்றைப் பார்த்தால் போதாதா? (சார்லட் வாசகர்)

ப: விட்டேனா பார்! எந்த ஊரில் ஆடினாலும் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பந்து வீசும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். இதில் அரை அங்குலம் மாற விட மாட்டார்கள். ஆனால் வெளிப்பக்கச் சுவர் எங்கே, எவ்வளவு உயரம் என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது.

போஸ்டனின் ஃபென்வே பார்க்கைப் பாருங்கள். 1912 ஏப்ரல் 20 அன்று திறந்தது. பெரிய லீக் மைதானங்களில் இதுதான் மூத்தது. இடப்பக்கம் ஒரு தெரு குறுக்கே ஓடுகிறது, தள்ளிக் கட்ட இடமில்லை. சுவர் 310 அடியிலேயே வந்து நின்றுவிட்டது. கிட்டத்தில் இருக்கிறதே, சும்மா தட்டினாலே ஹோம் ரன் ஆகுமே என்பீர்கள். ஆனால் சுவர் 37 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது! பச்சை அரக்கன் என்று அதற்குப் பேர். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டிய பந்து இங்கே சுவரில் மோதிக் கீழே விழும். வேறு ஊரில் சுலபக் கேட்ச் ஆகியிருக்க வேண்டிய பந்து இங்கே சுவரைத் தாண்டிப் போகும். சுவரின் அடியில் இருக்கும் ஸ்கோர் பலகையில் இன்றும் கையால்தான் எண் மாட்டுகிறார்கள். வலப்பக்கம் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை. 1946-இல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து போய் விழுந்த இடம் அது. அங்கே ஏறி நின்று தட்டைத் திரும்பிப் பாருங்கள். மனிதன் அடித்தானா என்று கேட்பீர்கள்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் சுவர் முழுக்க ஐவி கொடி, 1937-இல் நட்டது. பந்து இலைக்குள் சிக்கிவிட்டால் ஓடிவந்த ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். அடித்தவருக்கு இரண்டு பேஸ். கையை விட்டுத் தேட ஆரம்பித்தாரோ, ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும்! அந்த மைதானத்துக்கு 1988 ஆகஸ்ட் வரை விளக்கே கிடையாது, எல்லாம் பகல் ஆட்டம். இப்போதும் பகல் ஆட்டத்துக்கே டிக்கெட் வாங்குங்கள். பேஸ்பால் வெயிலில் பார்க்க வேண்டிய விஷயம்.

கே: ஹூஸ்டன் வெயிலில் கூரை போட்ட மைதானம்தானே நல்லது? (ஹூஸ்டன் வாசகி)

ப: உடம்புக்கு நல்லது. ஆகாயம் தெரியாத இடத்தில் உயரப் பறக்கும் பந்து எனக்குப் பிடிப்பதில்லை.

கே: சைவத்துக்கு என்ன கிடைக்கும்? (டெட்ராய்ட் வாசகி)

ப: தோலோடு வறுத்த வேர்க்கடலை. உரித்துத் தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பூண்டு போட்ட உருளை வறுவல். பிட்ஸ்பர்க்கில் பியரோகி, உருளைக்கிழங்கும் சீஸும் பூரணமாக வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். பல மைதானங்கள் வெளிச் சாப்பாட்டைத் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் கொண்டுவர விடுகின்றன. போகிற இடத்தின் விதியைப் பார்த்துக்கொண்டு புளியோதரையைக் கட்டிவிடுங்கள்.

கே: ஹாட் டாக் மேலே கெச்சப்? (அரோரா வாசகர்)

ப: சிகாகோ பக்கம் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! அங்கே அது ஆகவே ஆகாது!

கே: என் மாமனார் ஊரிலிருந்து வருகிறார். கிரிக்கெட் தவிர எதையும் பார்க்க மாட்டார். அழைத்துப் போகலாமா? (டாலஸ் வாசகர்)

ப: மாமாவைத்தான் முதலில் அழைத்துப் போக வேண்டும். 1869-இல் அமெரிக்காவின் முதல் வெளிப்படையான தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட், கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். ஆட்டத்தை எண்களில் எழுதி வைக்கும் முறையைப் பரப்பிய ஹென்றி சாட்விக் கிரிக்கெட் நிருபராக இருந்தவர். ஸ்டிரைக் அவுட்டுக்கு இன்றும் போடும் ‘K’ என்ற எழுத்து அவர் போட்டது. மாமா கையில் பென்சிலைக் கொடுங்கள், மூன்றாவது இன்னிங்ஸில் அவர் உங்களுக்குக் கணக்குச் சொல்லுவார்.

இன்னொன்று அவரை அசத்தும். கூட்டத்துக்குள் வந்த பந்தைத் திருப்பித் தர வேண்டாம், வீட்டுக்கே கொண்டுபோகலாம்! பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் கையில் கொடுத்துவிடுவது இங்கே நல்ல பழக்கம்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிராண்ட் பிரெய்ரி மைதானம் இருக்கிறது. சிறு பேஸ்பால் அணிக்காக 2008-இல் திறந்து, பிறகு கிரிக்கெட்டுக்காக மாற்றிக் கட்டியது. 2023 ஜூலை 13 அன்று மேஜர் லீக் கிரிக்கெட்டின் முதல் ஆட்டம் அங்கேதான். மஞ்சள் சட்டை டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஜெயித்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் சாய்த்ததும் அதே புல்லில்.

கே: பர்மிங்ஹாமில் பழைய மைதானம் ஒன்று இருக்கிறதாமே? பிள்ளைகளை அழைத்துப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? (அட்லாண்டா வாசகி)

ப: உங்கள் வீட்டிலிருந்து சுமார் 150 மைல். கட்டாயம் போங்கள்.

ரிக்வுட் ஃபீல்ட் 1910-இல் திறந்தது. அமெரிக்காவில் இன்று நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதைவிடப் பழையது இல்லை. வெள்ளையர் அணியும் கறுப்பர் அணியும் ஒரே புல்லில் ஆடின, ஆனால் வேறு வேறு நாட்களில். இருவரும் சேர்ந்து ஆடுவதை நகரச் சட்டமே தடுத்தது. வெள்ளையர் அணி ஆடும் நாளில் கறுப்பு ரசிகர்களுக்கு வலப்பக்கக் கடைசியில் தனி பெஞ்சுகள். 1948-இல் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அங்கே ஆடிய பதினேழு வயதுப் பையன் வில்லி மேஸ். பிறகு பெரிய லீக்கில் 660 ஹோம் ரன் அடித்தார்.

2024 ஜூன் 20 அன்று அவரை நினைத்தே அங்கே ஒரு பெரிய லீக் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. இரண்டு நாள் முன்பு, 93 வயதில், அவர் காலமானார். அந்த இரவு ரிக்வுட்டில் சிறு லீக் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. செய்தியை அங்கேயே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரர்களும் ஏன் 42 என்ற எண்ணை அணிகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், 1947-இல் அதே தேதியில், கறுப்பர்களுக்குக் கதவை மூடியிருந்த பெரிய லீக்கில், ஜாக்கி ராபின்சன் அந்த எண்ணோடு புரூக்ளினில் களமிறங்கியதை அந்தப் பெஞ்சுகள் பக்கம் நின்றே சொல்லுங்கள். பிறகு அதே ஊரில் இருக்கும் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கும் கூட்டிப் போங்கள். 1963-இல் அங்கே இனவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்து வளரும் நாட்டின் வரலாறு இது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கே: எட்டாவது இன்னிங்ஸிலேயே கிளம்பினால் டிராஃபிக்கைத் தவிர்க்கலாம் அல்லவா? (சிகாகோ வாசகர்)

ப: கூடாது, கூடவே கூடாது! 1981 ஏப்ரல் 18 இரவு, ரோட் ஐலாந்தில் பாடக்கெட் என்ற ஊரில் ராச்செஸ்டர் அணியோடு ஓர் ஆட்டம் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவில்லை, இருபதில் முடியவில்லை. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். விடிகாலை 4 மணி 7 நிமிடத்துக்கு, 32 இன்னிங்ஸுக்குப் பிறகு, 2-2 என்ற கணக்கில் நிறுத்தினார்கள். அப்போது அரங்கில் மிச்சம் இருந்தவர்கள் 19 பேர். இரு பக்கமும் ஆடியவர்களில் வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் பின்னாளில் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார்கள். ஜூன் மாதம் மீதியை ஆடினார்கள். பதினெட்டே நிமிடத்தில் பாடக்கெட் ஜெயித்தது. இப்போது பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரரைத் தானமாக நிறுத்திவிடுகிறார்கள். அந்த விதியை எடுத்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவேன்.

டிராஃபிக்குக்கு வழி: ரிக்லிக்குக் காரில் போகாதீர்கள். ரெட் லைன் ரயிலில் ஏறி அடிசன் நிலையத்தில் இறங்குங்கள், மைதானம் எதிரே.